ஹார்ன் ஸ்பீக்கருக்கு எந்த கேபிள்? கேபிளைத் தாண்டி எதைச் சரிசெய்வது?

ஒலியை விரிந்த குழல் வழியாகப் பெருக்கித் தரும் ஹார்ன் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களிடையே ஒரு வாதம் திரும்பத் திரும்ப வரும்: “ஒரு வாட்டுக்கு 105 டெசிபல் தருகிற ஸ்பீக்கர் இது. துளி மாற்றத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மற்றவர்களுக்குப் போதுமான கேபிள் இதற்குப் போதாது.” முன்பாதி உண்மை. அங்கிருந்து பின்பாதிக்குத் தாவும் இடத்தில்தான் கணக்கு பிசகுகிறது.

ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல் இத்தனை மைக்ரோவோல்ட் என்று நிலையாக இருப்பது. ஸ்பீக்கரின் உணர்திறன் (ஒரு வாட்டுக்கு அது தரும் சத்தம்) 18 டெசிபல் கூடினால் அந்த இரைச்சலும் 18 டெசிபல் கூடிக் கேட்கும். கேபிளின் விளைவு அப்படியல்ல, அது வெறும் விகிதம். கேபிளின் மின்தடையும் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸும் (ஏசி கரண்டுக்கு அது தரும் மொத்த எதிர்ப்பு) வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இம்பீடன்ஸ் ஒன்றாக இருந்தால் அந்தப் பங்கு 87 டெசிபல் பெட்டிக்கும் 105 டெசிபல் ஹார்னுக்கும் ஒன்றேதான். கரண்ட் விஷயத்தில் ஹார்னுக்கு இன்னும் சௌகரியம். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து சராசரி 80 டெசிபலில் கேட்டால், 105 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றுக்குச் சுமார் 20 மில்லிவாட் போதும். 8 ஓமில் அது 50 மில்லி ஆம்பியர். இசை திடீரென்று 20 டெசிபல் எழும்பினாலும் 2 வாட், அரை ஆம்பியர்.

ஆக, ஹார்ன் பெரிதாக்கிக் காட்டுவது இரைச்சலையும், முதல் வாட்டுக்குள் ஆம்ப் செய்யும் பிழைகளையும், ஹார்னின் சொந்தக் குறைகளையும்தான். கேபிளை அது பெரிதாக்குவதில்லை. கேபிளை ஒரு கணக்கில் முடித்துவிட்டு மிச்ச நேரத்தையும் பணத்தையும் வேறு இடத்தில் போட வேண்டும் என்பதே இந்த ஒப்பீட்டின் நிலைப்பாடு. முதலில் அந்தக் கணக்கு.

தடிமனை முடிவு செய்யும் கணக்கு

பல இழைகள் கொண்ட வழக்கமான செம்புக் கேபிளில், ஒரு மீட்டர் ஒற்றைக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ இப்படி இருக்கும்: 0.75 சதுர மி.மீ. என்றால் 26 மில்லி ஓம், 1.5 என்றால் 13.3, 2.5 என்றால் 8, 4 என்றால் 5. கரண்ட் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் நீளத்தை இரண்டால் பெருக்கவேண்டும். 10 மீட்டர் தூரத்துக்கு 0.75 இழுத்தால் 0.52 ஓம், 1.5 இழுத்தால் 0.27, 2.5 இழுத்தால் 0.16, 4 இழுத்தால் 0.10.

மொத்தச் சத்தம் கால் டெசிபல் குறைவதால் யாருக்கும் நஷ்டமில்லை, வால்யூமைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவில் நிற்பதில்லை. ஹார்ன் சிஸ்டங்களில் இந்த ஏற்ற இறக்கம் அதிகம். பாஸ் ஹார்னுக்குத் தனி மேடுகள், கம்ப்ரஷன் டிரைவருக்கு (ஹார்னின் தொண்டையில் பொருத்தும் ஒலி இயக்கி) தனி மேடுகள். கிளிப்ஷ் நிறுவனத்தின் கிராஸ்ஓவர்களில் (அதிர்வெண்களைப் பிரித்து அந்தந்த டிரைவருக்கு அனுப்பும் சுற்று) இருப்பதுபோல் ஆட்டோடிரான்ஸ்ஃபார்மர் (வோல்டேஜைக் குறைக்கும் சுருள்) வைத்து மிட்ரேஞ்சைக் குறைத்திருந்தால், 6 டெசிபல் குறைக்கும்போதே இம்பீடன்ஸ் நான்கு மடங்காகிவிடும். குறைந்தபட்சம் 4 ஓம், அதிகபட்சம் 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 4 ஓம் உள்ள இடத்தில் கேபிள் அதிகம் தின்னும், 40 ஓம் உள்ள இடத்தில் ஏறக்குறைய ஒன்றும் தின்னாது. இந்த வித்தியாசம்தான் காதுக்குத் தொனி மாற்றமாக வந்து சேர்கிறது.

மேலே சொன்ன 10 மீட்டருக்கு அந்த வித்தியாசம் 0.75 கேபிளில் 0.95 டெசிபல், 1.5-இல் 0.5, 2.5-இல் 0.3, 4-இல் 0.2. ஒரு டெசிபல் அகலமான அதிர்வெண் பகுதியில் நன்றாகவே கேட்கும். 0.2 டெசிபல் பெரும்பாலும் கேட்காது.

டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் போய்வரும் மொத்த மின்தடையை 0.1 ஓமுக்குள் வைத்துக்கொள்வது நல்ல எல்லை. அதன்படி 1.5 சதுர மி.மீ. கேபிள் மூன்றரை மீட்டர் வரைக்கும், 2.5 ஆறு மீட்டர் வரைக்கும், 4 பத்து மீட்டர் வரைக்கும் போகலாம். இதற்கு மேல் தடிமன் கூட்டுவது கனெக்டருக்குள் நுழையாத கேபிளைத்தான் தரும்.

வால்வு ஆம்ப் என்றால் கதையே மாறுகிறது. ஃபீட்பேக் (வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பிப் பிழை திருத்தும் முறை) இல்லாத, 300பி என்ற வெளியீட்டு வால்வு வைத்த சிங்கிள் எண்டட் ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் சாதாரணமாக 2 முதல் 3 ஓம். 2 ஓம் என்றே வைத்தாலும், அதே 4 முதல் 40 ஓம் ஸ்பீக்கரில் தொனி மாற்றம் 3 டெசிபலைத் தாண்டுகிறது. ஆம்பே 3 டெசிபல் வளைக்கும் இடத்தில் கேபிளின் 0.3 டெசிபலைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் பொருளில்லை. வால்வு ஆம்புக்கு எட்டு மீட்டர் வரைக்கும் 1.5 தாராளமாகப் போதும். அந்த 3 டெசிபலைக் குறைப்பதுதான் முக்கியம், அதற்கு வழி பின்னால் வருகிறது.

மெல்லிய பழைய கம்பி போட்டதும் ஒலி “இதமாகிவிட்டது” என்று சிலர் சொல்வது கற்பனையல்ல. லோதர் போன்ற, காந்தம் மிக வலுவான முழு அலைவரிசை டிரைவர்களில் பாஸ் வற்றியே இருக்கும். தொடரில் அரை ஓம் சேர்ந்தாலே பாஸ் ஒரு துளி எழும்பும். அது பிடித்திருந்தால் கேபிளைத் தேடி அலைய வேண்டியதில்லை. 0.5, 1, 2 ஓம் வயர்வவுண்ட் (கம்பி சுற்றிய) ரெசிஸ்டர்களை, 10 வாட்டில், ஒவ்வொன்றாகத் தொடரில் போட்டுக் கேட்கலாம். எது சரியோ அதை வைத்துக்கொள்ளலாம். கேபிளால் செய்தால் அளவு நம் கையில் இருக்காது.

வகைகளுக்குள் தேர்வு

இரட்டைக் கம்பியாக வரும் சாதாரண செம்புக் கேபிள்தான் அளவுகோல். இதன் இண்டக்டன்ஸ் (உயர் அதிர்வெண் கரண்டை எதிர்க்கும் தன்மை) மீட்டருக்கு 0.6 முதல் 0.7 மைக்ரோஹென்றி. 10 மீட்டரில் 20 கிலோஹெர்ட்ஸுக்கு இது சுமார் 0.8 ஓம் தருகிறது. ஆனால் அது 8 ஓம் மின்தடையோடு செங்கோணத்தில் சேர்வதால் இழப்பு 0.05 டெசிபல்தான். இரண்டு கம்பிகளையும் ஒன்றுக்கொன்று தள்ளித் தனித்தனியாக ஓட்டினால் இண்டக்டன்ஸ் இரு மடங்காகலாம். அதைத் தவிர்த்தால் போதும். சேர்ந்தே ஓடும் கேபிளில் மிச்ச நீளத்தைச் சுருட்டி வைப்பதால் கெடுதல் இல்லை, போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. இரண்டு பக்கமும் ஒரே நீளம் வேண்டும் என்பதும் தேவையற்ற கவலைதான். ஐந்து மீட்டர் கூடுதல் கேபிள் தரும் தாமதம் சுமார் 25 நானோ வினாடி. அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட நகர்ந்திருக்காது.

ஸ்டார் குவாட் எனப்படும் நான்கு கம்பிக் கேபிளில் எதிரெதிர்க் கம்பிகளை இணைத்து ஒரு துருவமாக்குகிறார்கள். கானரே 4எஸ்11 இதற்கு நல்ல உதாரணம், 14 கேஜ் (அமெரிக்கத் தடிமன் அளவு) கம்பிகள் நான்கு. இண்டக்டன்ஸ் ஏறக்குறைய பாதியாகிறது, ரேடியோ அலைத் தொல்லையையும் தாங்கும். 15 மீட்டருக்கு மேல் இழுக்க வேண்டுமென்றாலோ, பக்கத்தில் செல்போன் வந்தாலே ஸ்பீக்கர் கரகரக்கிறது என்றாலோ இதற்குச் செலவு செய்வது நியாயம். நான்கு முனைகளையும் உரித்து, நிறம் மாறாமல் எதிரெதிர்க் கம்பிகளைச் சேர்த்து முறுக்குவதில் கவனம் வேண்டும். அடுத்தடுத்த கம்பிகளைச் சேர்த்துவிட்டால் ஸ்டார் குவாட்டின் பயனே போய்விடும்.

பின்னல் போலவோ தட்டையான பட்டை போலவோ வரும் கேபிள்களில் இண்டக்டன்ஸ் மிகக் குறைவு, கெப்பாசிட்டன்ஸ் (இரு கம்பிகளுக்கிடையே மின்னூட்டம் தேங்கும் தன்மை) மிக அதிகம். சாதாரண கேபிளில் மீட்டருக்கு 50 முதல் 100 பிக்கோஃபாரட் என்றால் இவற்றில் பல நூறைத் தாண்டும். வெளியீட்டில் சுருள் வைக்காத, அகன்ற அலைவரிசை டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் சில இதைத் தாங்காமல் மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஊசலாட ஆரம்பிக்கும். பாட்டு எதுவும் ஓடாதபோதே ஹீட்சிங்க் சுடுவது, மேல்ஸ்தாயி காரணமில்லாமல் கூசுவது, ஆம்புக்குள் வெளியீட்டை நிலைப்படுத்தும் சோபெல் ரெசிஸ்டர் கருகுவது எல்லாம் இதன் அறிகுறிகள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஸ்பீக்கர் முனையில் 10 ஓம் ரெசிஸ்டரையும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் தொடராக இணைத்து, இரண்டு துருவங்களுக்கும் குறுக்கே போடவேண்டும். புதிதாக வாங்குபவர்களுக்கு ஹார்னுக்காக இந்த வகையைப் பரிந்துரைக்கக் காரணமே இல்லை.

வெள்ளீயம் பூசிய பழைய பாணிக் கம்பிகளுக்கு ஹார்ன் உலகில் தனி மவுசு உண்டு. பெல்டன் 9497, ஆரஞ்சும் கறுப்புமாக முறுக்கிய 16 கேஜ் கேபிள், இந்த வகையில் பிரபலமானது. 16 கேஜ் என்பது 1.3 சதுர மி.மீ. வால்வு ஆம்போடு குறுகிய தூரத்துக்கு நல்ல கேபிள்தான், முறுக்கு இருப்பதால் தொல்லையும் குறைவு. வெள்ளீயப் பூச்சினால் செம்பு கறுக்காது, அதுவே அதன் உண்மையான நன்மை. பத்து மீட்டருக்கு டிரான்சிஸ்டர் ஆம்போடு இதை இழுப்பது தவறான தேர்வு.

வெள்ளிக் கம்பியின் மின்தடை செம்பைவிட ஆறு சதவீதம் அளவுக்குக் குறைவு. 2.5 சதுர மி.மீ. வெள்ளி தருவதை 2.65 சதுர மி.மீ. செம்பு தந்துவிடும். ஆக்ஸிஜன் நீக்கிய செம்புக்கும் சாதாரண மின்சாரச் செம்புக்கும் கடத்துதிறனில் ஒரு சதவீதம் அளவுக்கே வேறுபாடு. இந்த இரண்டிலும் பணத்தைப் போட வேண்டாம்.

உண்மையாகவே கவனிக்க வேண்டிய மோசடி ஒன்று உண்டு: அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள். அதே தடிமனுக்கு மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். வளைத்து வளைத்து எடுத்தால் இழைகள் ஒடியும். கத்தியால் ஒரு இழையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும். வெள்ளீயம் பூசிய செம்பில் இது தலைகீழ், வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. கையில் தூக்கினாலே எடையில் தெரிந்துவிடும், செம்பின் பாதி கனம்கூட இருக்காது.

சந்தேகமிருந்தால் அளந்துவிடலாம். சாதாரண மல்டிமீட்டர் 0.1 ஓமை நம்பும்படி காட்டாது. கேபிளின் ஒரு முனையில் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கி, மறுமுனையில் பவர் சப்ளையிலிருந்து 1 ஆம்பியர் கரண்ட் எல்லை வைத்து செலுத்துங்கள். பவர் சப்ளையின் கிளிப் மேல் அல்லாமல், கேபிளின் செம்பின் மேலேயே மீட்டர் முனைகளை வைத்து மில்லிவோல்ட் பாருங்கள். 100 மில்லிவோல்ட் காட்டினால் 0.1 ஓம். பெட்டியில் அச்சடித்த தடிமன் உண்மையா என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

முனைகள்தான் பெரும்பாலும் காரணம்

புதிய கேபிள் போட்டதும் ஒலி தெளிந்தது என்றால், பல வீடுகளில் நடந்தது பழைய முனையைக் கழற்றித் திரும்ப முறுக்கியதுதான். கறுத்துப்போன செம்பும் தளர்ந்த திருகும் சேர்ந்து கேபிளின் மொத்த மின்தடையைவிட அதிகமாகத் தரலாம், அதுவும் அதிர்வுக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும்.

பழைய தியேட்டர் ஹார்ன்களிலும் கிராஸ்ஓவர்களிலும் திருகுப் பட்டைகள்தான் இருக்கும். அவற்றுக்கு 12 மி.மீ. உரித்து, சரியான அளவு வளைய லக்கை (கம்பி முனைக்கு மாட்டும் உலோக வளையம்) நசுக்கிப் பொருத்துங்கள். முனைக்கு ஈயம் (சால்டர்) வைத்துத் திருகின் கீழ் நசுக்குவது பரவலான தவறு. அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்லப் பரவிக்கொடுக்கும், சில மாதங்களில் திருகு தளர்ந்திருக்கும். பனானா பிளக் என்றால் உள்ளே இரண்டு திருகு உள்ள வகை நல்லது. எப்படிப் பொருத்தினாலும் ஒரு இழைகூட வெளியே துருத்திக்கொண்டிருக்கக் கூடாது.

இங்கே ஆம்பின் வகை முக்கியம். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு எதிரி ஷார்ட், ஒரு தனி இழை பக்கத்துத் திருகைத் தொட்டால் வெளியீட்டு டிரான்சிஸ்டர் போகலாம். வால்வு ஆம்புக்கு எதிரி திறந்த சுற்று. பாட்டு ஓடும்போது கேபிள் கழன்றால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி உள்ளே பொறி பறக்கலாம். வால்வு ஆம்புக்கு எளிதில் கழலும் பனானாவைவிடத் திருகி இறுக்கும் லக்கே நல்லது என்பது என் கருத்து. பிரிட்ஜ் முறையில் (இரண்டு முனைகளையும் ஆம்பே இயக்குவது) இயங்கும் கிளாஸ் டி ஆம்ப்களில் கறுப்பு முனை எர்த் அல்ல. இரண்டு பக்கக் கறுப்பையும் ஒன்றாக முடிந்துவிட்டால் ஆம்ப் போய்விடும்.

துருவத்தைச் சரிபார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய ஜேபிஎல் டிரைவர்களில் பலவற்றில் கறுப்பு முனைக்கு பிளஸ் கொடுத்தால்தான் கூம்பு முன்னால் வரும். வேறு நிறுவன டிரைவரோடு கலந்து கட்டியவர்கள் நிறத்தை நம்பாமல், வூஃபரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு நகரும் திசையைப் பார்க்கவேண்டும். கம்ப்ரஷன் டிரைவரில் பேட்டரி வைக்க வேண்டாம், அதை மைக் அளவீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

உஸ்ஸென்ற இரைச்சல்: ஹார்னுக்கே உரிய நோய்

பணத்தை எங்கே போடலாம் என்று கேட்டால் முதலில் இங்கே. ஆம்பின் வெளியீட்டில் 100 மைக்ரோவோல்ட் இரைச்சல் என்றால் 105 டெசிபல் ஹார்னில் ஒரு மீட்டரில் 16 டெசிபல், தொல்லையில்லை. அரை மில்லிவோல்ட் என்றால் 30, அமைதியான அறையில் கேட்கும். ஒரு மில்லிவோல்ட் என்றால் 36, மெல்லிய வீணை இசையின் இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும்.

முதலில் மூலத்தைப் பிரித்தறிய வேண்டும். வால்யூமைத் திருகும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால் அது ப்ரீஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னால் வரும் கட்டம்) அல்லது அதற்கு முன்னால் உள்ளது. மாறாமல் நின்றால் வால்யூமுக்குப் பிந்தைய கட்டங்கள். ஆம்பின் உள்ளீட்டில் ஷார்ட்டிங் பிளக் (சிக்னல் முனையை எர்த்தோடு இணைப்பது) போட்டும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் கும்மென்ற ஒலி நீடித்தால் ஆம்பே காரணம், பிளக் போட்டதும் நின்றால் பெரும்பாலும் எர்த் லூப் (கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகிக் கரண்ட் ஓடுவது). இரண்டிலும் ஸ்பீக்கர் கேபிளை மாற்றிப் பயனில்லை.

எளிதில் கிடைக்கும் லாபம் ஆம்பின் உள்ளீட்டில் 10 முதல் 20 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் இணைப்பு) போடுவது. பெரும்பாலான ஆம்ப்களுக்கு 26 முதல் 29 டெசிபல் பெருக்கம் உண்டு, ஹார்னுக்கு அது மிக அதிகம். வால்யூம் குமிழ் எட்டு மணி நிலையிலேயே அறை நிறைந்துவிடும். அந்தக் கீழ்ப்பகுதியில்தான் பொட்டென்ஷியோமீட்டரின் இரண்டு பக்கங்களும் சமமாக இருப்பதில்லை, பாடகர் ஒரு பக்கம் நகர்ந்து நிற்பதுபோல் கேட்கும். அட்டெனுவேட்டர் போட்டால் குமிழ் நடுப்பகுதிக்கு வரும், ப்ரீஆம்பின் இரைச்சலும் அதே அளவு இறங்கும்.

ஆம்பின் சொந்த இரைச்சலுக்கு மருந்து எல்-பேட், அதாவது கம்ப்ரஷன் டிரைவருக்கு முன்னால் இரண்டு ரெசிஸ்டர்கள். வூஃபருக்கும் ஹார்னுக்கும் தனித்தனி ஆம்ப் வைத்து, டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் செயலி) மூலம் பிரிப்பவர்கள் பலர் ஹார்ன் பக்கத்தை டிஎஸ்பியிலேயே 10 டெசிபல் குறைத்துவிடுகிறார்கள். சிக்னல் குறைகிறது, ஆம்பின் இரைச்சல் அப்படியே முழுசாக டிரைவருக்குப் போகிறது. குறைக்கவேண்டிய இடம் ஆம்புக்குப் பின்னால்.

8 ஓம் டிரைவருக்கு 10 டெசிபல் குறைக்க: தொடரில் 5.6 ஓம், டிரைவருக்குக் குறுக்கே 3.6 ஓம். 6 டெசிபலுக்கு 3.9, 8.2. 12 டெசிபலுக்கு 6, 2.7. வீட்டு உபயோகத்துக்கு 10 வாட் வயர்வவுண்ட் போதும். பாஸிவ் கிராஸ்ஓவர் (ஆம்புக்கும் டிரைவருக்கும் இடையே இருப்பது) என்றால் ஃபில்டருக்குப் பின்னால், டிரைவருக்கு முன்னால் வரவேண்டும். ஃபில்டருக்கு முன்னால் போட்டால் கிராஸ்ஓவர் கணக்கே கலைந்துவிடும்.

இந்த பேடுக்கு இன்னொரு பயன் உண்டு, இதுதான் வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு முன்னே சொன்ன வழி. டிரைவரின் இம்பீடன்ஸ் 8-லிருந்து 30 ஓமுக்கு ஏறினாலும், 10 டெசிபல் பேடுக்கு முன்னாலிருந்து பார்த்தால் அது 8.1-லிருந்து 8.8 ஓமுக்குத்தான் ஏறும். ஹார்ன் பகுதியில் ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸும் கேபிளும் சேர்ந்து செய்யும் தொனி மாற்றம் ஏறக்குறைய மறைந்துவிடும். எந்தக் கேபிளாலும் இதைச் செய்ய முடியாது.

தனி ஆம்ப் நேரடியாகக் கம்ப்ரஷன் டிரைவருக்குப் போகும் அமைப்பில் பாதுகாப்புக் கெப்பாசிட்டர் கட்டாயம். ஆம்பை இயக்கும்போது வரும் ஒரு ‘தொம்’ போதும், மெல்லிய டயாஃப்ரம் கிழிந்துவிடும். 1200 ஹெர்ட்ஸில் பிரிக்கும் 8 ஓம் டிரைவருக்கு 68 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர், அதன் வெட்டு 290 ஹெர்ட்ஸ் அளவில் விழும். ஆம்ப், கெப்பாசிட்டர், பேட், டிரைவர் என்பதே வரிசை. கெப்பாசிட்டரைப் பேடுக்கும் டிரைவருக்கும் நடுவே போட்டால் டிரைவரின் இம்பீடன்ஸ் மேட்டோடு சேர்ந்து ஆடும்.

ஹார்னின் உடல்

டிரைவரைக் கழற்றி ஹார்னின் தொண்டைத் துளைக்குள் (டிரைவர் பொருந்தும் சிறு முனை) விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கேஸ்கெட் உள்ளே பிதுங்கியிருந்தாலோ, டிரைவர் துளைக்கும் ஹார்ன் துளைக்கும் இடையே படி இருந்தாலோ விரலுக்கே தெரியும். 10 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டர்தான். அந்த இடத்தில் 2 மி.மீ. படி இருந்தாலே அலை திரும்பிச் சிதறும், மேல்ஸ்தாயி கரகரக்கும். கேஸ்கெட்டைத் துளைக்குச் சரியாக வெட்டி, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் மறுபக்கம் காற்றுக் கசியும்.

அடுத்தது மணியோசை. ஆல்டெக் 511பி, 811பி போன்ற அலுமினிய வார்ப்பு ஹார்ன்களை விரல் கணுவால் தட்டினால் கணீரென்று கேட்கும். பித்தளை வாத்தியங்களிலும் பெண் குரலின் உச்சத்திலும் அதே ஓசை ஒட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் முழுவதும், குறிப்பாக அகன்ற தட்டைப் பரப்புகளில், கார் கதவுகளுக்கு ஒட்டும் பிட்டுமன் ஷீட்டை ஒட்டுங்கள். ஓரடுக்கு ஒட்டித் தட்டிப் பார்த்து, ‘டொக்’ என்று கேட்கும்வரை சேர்க்கலாம். உள்பக்கம் எதுவும் ஒட்டக் கூடாது.

ஹார்னை அதன் எல்லைக்குக் கீழே ஓட்டுவது இன்னொரு பிழை. 300 ஹெர்ட்ஸ் வெட்டு உள்ள ஹார்னை 300-லேயே பிரித்தால் கீழே சுமையில்லாமல் டயாஃப்ரம் தத்தளிக்கும். 450, 500-லிருந்து ஆரம்பியுங்கள்.

நேரமும் இடமும்

ஒலி ஒரு மில்லி வினாடியில் 34 செ.மீ. போகிறது. நீளமான ஹார்னின் டிரைவர் வூஃபருக்கு அரை மீட்டர் பின்னால் இருந்தால் 1.46 மில்லி வினாடி தாமதம். 800 ஹெர்ட்ஸில் அது ஒரு முழு அலையைவிட அதிகம். கேபிளின் நானோ வினாடிகளைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் இதை விட்டுவிடுவது வருத்தமான விஷயம்.

சரிசெய்ய ஒரு அளவீட்டு மைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும் போதும். முதலில் டேப் வைத்து இரண்டு டிரைவர்களின் தூர வேறுபாட்டை அளந்து, முன்னால் உள்ளதற்கு அந்தத் தாமதத்தைக் கொடுங்கள். நான்காம் வரிசை லிங்க்விட்ஸ்-ரைலி ஃபில்டர் (ஒரு கிராஸ்ஓவர் வகை) என்றால், ஹார்னின் துருவத்தை வேண்டுமென்றே தலைகீழாக்கி அளந்து பாருங்கள். கிராஸ்ஓவர் அதிர்வெண்ணில் பள்ளம் விழும். அது மிக ஆழமாகும்வரை தாமதத்தை நுண்ணியதாக மாற்றி, பிறகு துருவத்தைத் திருப்பிவிடுங்கள். டேப் அளவைத் தவிர்த்து நேராகப் பள்ளத்தைத் தேடினால் ஒரு அலை தள்ளிப் போய் நிற்கக்கூடும், அங்கும் பள்ளம் கிடைக்கும் என்பதால் ஏமாந்துபோவீர்கள். டிஎஸ்பி இல்லாதவர்கள் பெட்டிமேல் உள்ள ஹார்னை முன்னும் பின்னும் 2 செ.மீ. வீதம் நகர்த்தலாம். 800 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு நகர்வும் 17 டிகிரி.

இடம் பற்றிச் சுருக்கமாக: இரண்டு ஹார்ன்களின் அச்சும் கேட்பவருக்கு 30 முதல் 50 செ.மீ. முன்னால் வெட்டிக்கொள்ளும்படி உள்நோக்கித் திருப்பிப் பாருங்கள். நடு இருக்கையைவிட்டு ஒரு பக்கம் நகர்ந்தாலும் ஒலி மேடை அவ்வளவாகச் சாயாது. பெரிய பலவழி ஹார்ன் என்றால் மூன்று மீட்டருக்குக் குறைவாக உட்கார்ந்தால் துண்டு துண்டாகவே கேட்கும். 1946 முதல் வரும் கிளிப்ஷ்ஹார்னின் பழைய வடிவங்களில் அறையின் மூலைச் சுவர்களே ஹார்னின் கடைசிப் பகுதி. பெட்டிக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி இருந்தால் பாஸ் ஒழுகிப்போகும், ஓரங்களில் நுரைப் பட்டை வைத்து அடைக்கவேண்டும்.

எந்த அமைப்புக்கு எது

டிரான்சிஸ்டர் ஆம்ப், பாஸிவ் கிராஸ்ஓவர், ஆறு மீட்டருக்குள்: 2.5 சதுர மி.மீ. சாதாரண செம்பு, நல்ல முனைகள், ஆம்ப் உள்ளீட்டில் அட்டெனுவேட்டர். வால்வு ஆம்ப்: 1.5 போதும், திருகு லக், ஹார்னுக்கு எல்-பேட். இரண்டு ஆம்ப் வைத்துப் பிரிப்பவர்கள் ஆம்ப்களை ஸ்பீக்கருக்குப் பின்னாலேயே வைத்து, ஒன்றரை மீட்டர் ஸ்பீக்கர் கேபிளும் நீண்ட பேலன்ஸ்டு (இரைச்சலை ரத்து செய்யும்) சிக்னல் கேபிளும் பயன்படுத்தினால் தடிமன் கேள்வியே எழாது. பெட்டியில் இரட்டை முனைகள் இருப்பதால் பை-வயரிங் (வூஃபருக்கும் ஹார்னுக்கும் தனித்தனிக் கேபிள்) செய்யலாமா என்றால், அந்த இரண்டாவது கேபிளை முதலாவதோடு இணையாகப் போட்டுவிடுங்கள். முனைகளை இணைக்கும் மலிவான தகட்டுக்குப் பதிலாக அதே கேபிளின் துண்டு ஒன்றைப் போடுங்கள்.

இதற்குப் பிறகும் இரண்டு கேபிள்களை ஒப்பிட்டுக் கேட்க விரும்பினால் முறையாகச் செய்யலாம். 300 ஹெர்ட்ஸ் தொனியை ஓட்டி ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்டேஜை அளந்து, இரண்டுக்கும் ஒரு சதவீதத்துக்குள் சமன் செய்யுங்கள். மலிவான மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பத்தக்கவை அல்ல என்பதால்தான் 300. ஒரு சதவீதம் என்பது 0.1 டெசிபலுக்கும் சற்றுக் குறைவு, அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் சத்தம் கூடியதே “நன்றாக” இருப்பதாகத் தோன்றும். கேபிளை மாற்றுபவர் வேறொருவராக இருக்கட்டும், எது இப்போது ஓடுகிறது என்பது கேட்பவருக்குத் தெரியக் கூடாது. பழைய கேபிளைக் கழற்றும்போது அதன் முனைகளையும் புதிதாக உரித்துச் சுத்தம் செய்துவிட்டே திரும்ப மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஒப்பிடப்படுவது கேபிள்கள் அல்ல, கறுத்த செம்பும் புதுச் செம்பும்தான்.